போன தடத்திலேயே திரும்புகிறவர்

பெரியமடுப் பக்கம் புதிதாக ரோட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். தார் ஊற்றி, ரோலர் ஓட்டி, கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நாங்கள் நாலு பேர் அதில் மோட்டார் சைக்கிளில் சொகுசாகப் போய்க்கொண்டிருக்கிறோம். எங்களோடு வந்த அவர் மட்டும் ரோட்டுக்குப் பக்கத்தில், பற்றைகளுக்கு நடுவே கிடந்த பழைய மணல் பாதையில், முதலாம் கியரில், இஞ்சின் கதறக் கதற வருகிறார். முன்சில்லு புதைகிறது. இறங்கித் தள்ளுகிறார். மறுபடி ஏறுகிறார். மறுபடி புதைகிறது.

நான் ஓரமாக நிறுத்திச் சத்தம் போட்டேன். "அண்ணை, றோட்டுக்கு ஏறுங்கோ. ஏன் கிடந்து மாயுறீங்கள்?"

அவர் கைபிடியில் கட்டியிருந்த ஜி.பி.எஸ். கருவியை விரலால் தட்டிக் காட்டினார். "கோடு இதாலதான் போகுது."

"ரோலர் ஓடின றோட்டு அண்ணை இது."

"றோட்டு நல்ல றோட்டுத்தான், தம்பி. ஆனா அது புதிசு. கோடு பழசு."

நாங்கள் பெரியமடுவுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, வடை தின்று, வாய் கொப்பளித்து, ஒரு மரத்தடியில் சாய்ந்து எழும்பிய பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். வந்தவர் கடைக்குள்ளாவது வந்தாரா என்றால் அதுவும் இல்லை. கடை இருந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவருடைய கோடு இந்தப் பக்கம். தேத்தண்ணியை நான்தான் ரோட்டைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கார அம்மா பாவப்பட்டு, "அவருக்குக் காலில ஏதும் வருத்தமோ?" என்று கேட்டா. "கால் நல்லாத்தான் இருக்கு அம்மா, மண்டைதான்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சிரித்தார். அவருக்குக் கோபம் வராது. கோபமெல்லாம் எங்களுக்குத்தான்.

அவரை எங்கள் கூட்டத்தில் சேர்த்தது நாங்களேதான், ஆகவே யாரையும் நோக முடியாது. யுத்தம் முடிந்து, அடைத்துக்கிடந்த பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்த காலம். நான் அப்போது மீனுக்கு ஐஸ் செய்யும் இடத்தில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னார்த் தீவில், கீரிக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, பாலத்தைத் தாண்டினால் ஆமிக்காரரின் வாயில் முதலில் கேட்பது "பாஸ் இருக்கா?" என்பதுதான். அப்படிப்பட்டவனை யாரும் ஒன்றும் கேட்காமல் விட்டால் என்ன செய்வான்? ஞாயிறு பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண் போன திசையில் போவான். அப்படித்தான் நாங்கள் போனோம். அரிப்பு, சிலாவத்துறை, குதிரைமலை, விடத்தல்தீவு. ரோட்டு இல்லாத இடமாகப் பார்த்துப் போனோம். பற்றைக்குள் போய், சேற்றில் விழுந்து, முழங்கால் உரசிக்கொண்டு வந்தால்தான் போன மாதிரி.

அவர் மன்னார் பட்டினத்தில் போட்டோக் கொப்பி எடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் பாப்பாமோட்டை. சிறு வயதில் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டி, எல்லாம் முடிந்த பிறகு மனைவியோடு திரும்பி வந்தவர். பேசும்போது எங்கள் தமிழ்தான் பேசுவார். பயந்தால் மட்டும் மண்டபத்துத் தமிழ் வெளியே வந்துவிடும். கனடாவில் இருந்து வந்த மைத்துனர் ஒருவர் அந்தக் கருவியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மஞ்சள் நிறம், ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவு. பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கைபிடியில் இறுக்கிக் கட்டியிருந்தார். மன்னாரிலேயே ஜி.பி.எஸ். வைத்திருக்கிற ஒரே மோட்டார் சைக்கிள்காரர். இவர் வந்தால் எங்களுக்கு வழி காட்டுவார் என்று நினைத்தோம். எங்களைப் போன்ற மடையர்கள் உண்டா?

அந்தக் கருவிக்கு எங்கள் ஊரே தெரியாது. அதில் இருந்த வரைபடத்தில் கொழும்பில் சந்துபொந்தெல்லாம் இருந்தது. எங்கள் பக்கம் வந்தால் கடற்கரை மட்டும் ஒரு கீறல், மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு குளம் இல்லை, ஒரு கோயில் இல்லை. அந்த வெள்ளைக்குள் நாம் போகப் போக, போன வழியை மட்டும் கறுப்புக் கோடாகக் கீறிக்கொண்டு வரும். முதல் தடவை எந்த இடத்துக்குப் போனாலும் அவர் எல்லாருக்கும் பின்னால், எங்கள் சில்லுத் தடத்தில் தன் சில்லை வைத்து, ஆமை மாதிரி வருவார். கோடு விழுந்துவிட்டால் போதும். அதன் பிறகு சாகும்வரை அந்த இடத்துக்கு அந்தக் கோட்டில்தான் போக்கும் வரவும்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் இருந்து வந்து இறங்கியவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தி மிதிவெடியைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். படம் காட்டினார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் காட்டினார்கள். "சந்தேகமான இடத்துக்குள்ள போயிட்டீங்கள் எண்டால் உடனை நில்லுங்கோ. போன தடத்திலேயே திரும்பி வாங்கோ" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல புத்திதான். எங்கள் ஊரிலும் அதே வகுப்பு நடந்தது. நாங்கள் எல்லாரும் கேட்டோம், தலையாட்டினோம், வீட்டுக்கு வந்து எங்கள் அலுவலைப் பார்த்தோம். இந்த மனிதர் ஒருவர்தான் அதைப் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் என்றுதான் சொன்னார்கள். இவருக்குச் சந்தேகம் இல்லாத இடம் என்று உலகத்தில் ஒன்று இல்லை.

கீரிக் கடற்கரையில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் பந்தடிக்கிற கரை அது. சோளகக் காற்றுக் காலத்தில் கடல் வற்றி எங்கேயோ தூரத்தில் கிடக்கும். அப்போது எங்களோடு அந்த ஈர மணலில் வந்து கோடு போட்டுக்கொண்டார். பிறகு வாடைக் காற்றுத் தொடங்கிக் கடல் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேட்டு மணலில் போகிறோம். திரும்பிப் பார்த்தால் மனிதர் அலைக்குள் போய்க்கொண்டிருக்கிறார். முதலில் சில்லு நனைந்தது, பிறகு பாதம், பிறகு இஞ்சின். ஒரு பெரிய அலை வந்து மூடியது. மோட்டார் சைக்கிள் இருமியது, நின்றது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்து, கயிறு போட்டு அவரையும் மோட்டார் சைக்கிளையும் இழுத்தெடுத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த பெரிய மீன் அதுதான்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அவர் தாடியில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னார்: "கடல்தான் இடம் மாறினது, தம்பி. கோடு மாறேல்லை."

எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, இந்தச் சாமான் வானத்தில கிடக்கிற சட்டலைட்டைப் பாத்துக் கீறுது. அது சரியா அந்த இடத்தையே காட்டாது. ஒரு வீட்டகலம் இஞ்சாலையோ அங்காலையோ பிழைக்கும். அதை நம்பி ஏன் இப்பிடி மாயுறீங்கள்?"

அவர் நிதானமாக யோசித்தார். "அதுக்குத்தான் நான் கோட்டின்ரை நடுவால போறனான்" என்றார்.

குதிரைமலைப் பக்கம் காட்டுக்குள் வழி தப்பிப் பொழுதுபட்ட ஒரு நாளில், அந்தக் கோடுதான் எங்கள் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். என்னுடைய செயின் அறுந்தபோது மற்றவர்கள் மெக்கானிக்கைத் தேடிப் போய்விட, கூட இருந்தவரும் அவர்தான். பையில் எப்போதும் தோடம்பழ இனிப்பு வைத்திருப்பார். உரித்து உரித்துத் தருவார். நல்ல மனிதர். ஆனால் குதிரைமலைக்குப் பிறகு அவரோடு கதைக்கவே முடியாமல் போயிற்று. எதைச் சொன்னாலும் "அண்டைக்குக் காட்டுக்குள்ள...?" என்று தொடங்கிவிடுவார்.

இதெல்லாம் எங்களுக்குத்தான் விளையாட்டு. அவருடைய மனைவிக்கு விளையாட்டு இல்லை.

அந்த அக்கா பிறந்ததே மண்டபம் முகாமில். வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில் பிறந்து, வேறொன்றில் கலியாணம் கட்டிக் குடியிருந்து, இப்போது போட்டோக் கொப்பிக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கிறா. அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாக்குத்தான் மறைப்பு. ஒரு நாள் கொப்பி எடுக்கப் போனவனை நிறுத்திவைத்துச் சொன்னா: "தம்பி, எனக்குப் பெரிய வீடு வேண்டாம். நாலு பக்கமும் சுத்தி நடக்கக்கூடிய ஒரு வீடு வேணும். நான் இருந்த எல்லா வீட்டிலயும் மூண்டு பக்கம் மற்றாக்களின்ரை சுவர்."

பாப்பாமோட்டையில் அவர்களுக்குக் காணி இருந்தது. கிணறு இருந்தது. மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து, கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாகப் பார்த்து, துப்புரவு என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டுக் குடியேறிவிட்டார்கள். யார் குடியேறினார்களோ அவர்களுக்குத்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் போகும் என்று கிராம அலுவலரான விதானையார் சொல்லியிருந்தார். இவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காணிக்கு முன்னால் இருக்கிற பெரிய ரோட்டில் எங்களோடு போவார். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைப்பார். பற்றைக்கு மேலாகத் தெரிகிற கிணற்றுக்கட்டைப் பார்ப்பார். பிறகு போய்விடுவார். அவருடைய கோடு ரோட்டோடு போனது. உள்ளே திரும்பவில்லை.

"வெடி எடுக்கிறவை பாத்திட்டினம்தானே அண்ணை?"

"பாத்தவைதான். அவை எதால நடந்து பாத்தவை எண்டு ஆர் கண்டது?"

சரி, இவருடைய குடும்பத்தில் யாருக்கோ ஏதோ நடந்திருக்க வேண்டும், அந்தப் பயம்தான் இது என்று நானே ஒரு கதை கட்டி, மனம் இளகி, அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி. இவரின்ரை சொந்தத்தில மிதிவெடியைக் கண்ட ஆளே கிடையாது. இவருக்குப் பயம். அவ்வளவுதான்."

ஒரு கதை இருந்திருந்தால் நான் அவரை அப்போதே மன்னித்திருப்பேன். அது இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் காரணம் சொல்லத் தெரியாத பயத்தோடு ஒருவர் எப்படித்தான் காலம் தள்ளுகிறார் என்ற எண்ணமும் அன்றைக்குத்தான் எனக்கு முதலில் வந்தது.

விதானையார் கடைசியாக ஒரு தவணை சொன்னார். வருகிற திங்கட்கிழமை அவர் காணியைப் பார்க்க வருவார். பற்றை வெட்டி நாலு தடியாவது நட்டிருந்தால் பெயர் போகும். இல்லாவிட்டால் அவர்களின் வீடு வேறு யாருக்காவது போகும். அக்கா என்னிடம்தான் வந்தா. "நீ சொன்னால் கேப்பார்" என்றா. என் பேச்சை அவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. என்றாலும் போனேன்.

ஞாயிறு காலை அவரையும் அக்காவையும் ஒரு மோட்டார் சைக்கிளில் வரச்செய்து, நான் என்னுடையதில் போய், மூவரும் காணிக்கு முன்னால் ரோட்டில் நின்றோம். இரண்டு கத்தி, ஒரு மண்வெட்டி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் கொண்டுவந்திருந்தோம். "என்ரை சில்லுத் தடத்தில பின்னால வாங்கோ, அண்ணை" என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டேன். கிணற்றடி வரை போய்த் திரும்பிப் பார்த்தால், மனிதர் ரோட்டிலேயே நிற்கிறார்.

"தடம் தெரியேல்லை, தம்பி. நீ போன கையோடை புல்லு நிமிந்திட்டுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் மூளை வேலை செய்தது. வெளியே வந்து, அவருடைய கருவியைத் தரச்சொல்லிக் கெஞ்சினேன். டியூப் ரப்பரை அவிழ்த்து, கயிற்றோடு கழற்றித் தந்தார். அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போய், கிணற்றைச் சுற்றி, விளாத்திமரம் வரை போய்த் திரும்பி வந்து திரையைக் காட்டினேன். வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு, ரோட்டில் இருந்து பிரிந்து, கிணற்றைச் சுற்றி, திரும்பி வந்திருந்தது.

"இந்தாங்கோ. கோடு. இப்ப போகலாம்தானே?"

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். உண்மையிலேயே போக விரும்பினார் என்றுதான் நினைக்கிறேன். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு காலைத் தூக்கினார். வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"தம்பி, இது ஒரு வீட்டகலம் பிழைக்கும் எண்டு நீதானே சொன்னனீ?"

அந்த நிமிடத்தில் எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றி ரோட்டில் எறிந்தேன். அது உருண்டுபோய் வாய்க்காலுக்குள் விழுந்தது. நான் சொன்ன ஆயிரம் சொல்லில் அவர் காதில் ஏறியது இந்த ஒன்றுதான். அதுவும் இன்றைக்குத்தான் ஏற வேண்டுமா?

அக்கா இவ்வளவு நேரமும் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றா. இப்போது பையைக் கீழே வைத்தா.

"ஒரு வீட்டகலம்தானே பிழைக்கும்?" என்று என்னைக் கேட்டா.

"ஓம் அக்கா, அவ்வளவுதான்."

"அப்ப அந்த அகலத்துக்கும் நடந்து விட்டால் சரி."

அவருடைய கையில் இருந்த கருவியை வாங்கி, அதன் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிவிட்டு உள்ளே போனா. கிணறு வரை போனா. திரும்பி வந்தா. ஒரு அடி தள்ளி மறுபடி போனா. வயலில் உழவு போகிற மாதிரி, போவதும் வருவதும். குறுக்கே நாயுண்ணிப் பற்றை வந்தால் இரண்டு வெட்டு, பிறகு அதற்குள்ளாலேயே நடை. ஒவ்வொரு தரமும் ரோட்டுக்கரைக்கு வந்து திரையை அவருக்குக் காட்டுவா. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு விழுந்து, வெள்ளை கறுத்துக்கொண்டு வந்தது.

அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வாய் திறந்தபடி. அக்கா கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய உடம்பு ஒரு தரம் குலுங்கியது. "போதும்" என்றார். பிறகு, "வேணாம்மா. வெளிய வந்துரு" என்றார். மண்டபத்துத் தமிழ். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. நடை கிணற்றைத் தாண்டி, நான் போகாத பக்கத்துக்கு, முள் அடர்ந்த மூலைக்குப் போயிற்று. அங்கே அக்கா குனிந்தாவா, தடக்கி விழுந்தாவா என்று தெரியாமல், ஆள் பற்றைக்குள் மறைந்துவிட்டா.

அவர் ஓடினார்.

கோடு இல்லை, தடம் இல்லை, கையில் கருவியும் இல்லை. நான் போன வழியும் இல்லை, அக்கா நடந்த வழியும் இல்லை. ரோட்டில் இருந்து அந்த மூலைக்கு நேரே, முள்ளுக்குள்ளாலும் எருக்கலைக்குள்ளாலும், செருப்பு ஒன்று கழன்று போக, ஓடினார். இரண்டு வருடமாக நான் திட்டித் தீர்த்த மனிதர் அப்படி ஓடுகிறதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடத் தெரிந்த மனிதர் இவ்வளவு நாளும் என்னைத் தேத்தண்ணி சுமக்க வைத்தாரே என்ற ஆத்திரமும் கூடவே இருந்தது. இரண்டும் உண்மைதான்.

அக்காவுக்கு ஒன்றும் இல்லை. காலில் கொடி சிக்கி இருந்துவிட்டா. அவர் போய்க் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் தான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். அசையவில்லை. அக்காவின் கையை மட்டும் விடவில்லை.

"அசையாத" என்றார். "நீ நடந்த தடத்தைக் காட்டு. அதாலயே திரும்பிப் போவம்."

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டா. கழுத்தில் கிடந்த கருவியைக் கழற்றி அவருக்குக் கொடுத்தா.

"நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் திரும்பிப் போறதுக்கு வரேல்லை."

சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துத் தன் காலில் சிக்கிய கொடியை வெட்டினா. பிறகு அதற்கு அடுத்த கொடியை. பிறகு அந்தப் பற்றையின் அடியை. அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் வாய்க்காலில் இறங்கி ஹெல்மெட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தபோதும் நின்றார். பிறகு திரையைப் பார்க்காமலே அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தம்பி," என்று கூப்பிட்டார், "மற்றக் கத்தியை எடுத்துக்கொண்டு வா."